வலிக்கிறது என்று சொன்னால்

நாட்டின் மிக ஆரோக்கியமான ஊர் என்ற கேடயத்தை வாங்க மேடைக்கு அழைக்கப்பட்ட உப்பளத் தொழிலாளி ஜெயக்கொடி, கேடயத்தைத் தொடவே இல்லை. நேரே மைக்கிடம் போய் நின்றாள்.

“பேச்சித்தாய் செத்து இன்னைக்கு ஒம்பதாம் நாளு. சாவும்போதும் அவ கையில பச்சைதான் எரிஞ்சிட்டுக் கெடந்துச்சு. இந்தக் கேடயத்த அவ வீட்டுல கொண்டு வச்சிருங்க.”

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள். பந்தலில் இருந்த அறுநூறு பேரும் அவள் போவதையே திரும்பிப் பார்த்தார்கள். கலெக்டர் கேடயத்தைக் கையில் ஏந்தியபடி, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், பக்கத்தில் நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் சண்முகவடிவைப் பார்த்தார்.

சண்முகவடிவு அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாள்களை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். “கூட்டம் முடிஞ்சுது. நாளைக்குக் காலையில நான் உப்பளத்துக்கு வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அரசியலுக்கு வருவதற்கு முன் இதே தருவைப்பட்டினத்தில் பதினான்கு ஆண்டுகள் அரசு சுகாதார செவிலியராக இருந்தவள். இப்போது மூன்றாவது முறையாக மக்களவையில் இருக்கிறாள். ஊருக்கு இன்னும் வடிவக்காதான். ஊருக்கு வெளியே, நலப்பட்டைச் சட்டம் கொண்டுவந்தவள் என்றால்தான் தெரியும்.

நலப்பட்டை என்பது மணிக்கட்டில் கட்டுகிற, இரண்டு விரல் அகலமுள்ள பட்டை. அதற்குள் இருக்கும் உணரிகள் நாடித்துடிப்பு, வியர்வை, தோலின் சூடு எல்லாவற்றையும் ஓயாமல் அளந்து தலைமைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நோய் முற்றுவதற்கு முன்பே கணினி கண்டுபிடித்துவிடும். பச்சை எரிந்தால் நலம். மஞ்சள் எரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால், ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ் தானாகவே வீட்டு வாசலில் வந்து நிற்கும். சட்டம் வந்து ஆறு ஆண்டுகளில் மாரடைப்புச் சாவு பாதியாகக் குறைந்திருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு சண்முகவடிவு தன் கையால் எழுதியது. அரசு மருத்துவமனைகளின் கதவு பட்டையில் மஞ்சளோ சிவப்போ எரிந்தால் மட்டுமே திறக்கும் என்பது அந்தப் பிரிவு. அவள் செவிலியராக இருந்த காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சீட்டு வாங்க வரிசையில் நின்றபடியே இறந்துபோனார். அதே நேரத்தில் உள்ளே மருத்துவர், கவுன்சிலரின் மச்சினனுக்குச் சளிக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். சிபாரிசு என்றால் என்னவென்று தெரியாத ஒரு கதவு வேண்டும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கதவை நாடு முழுவதும் மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. சண்முகவடிவு பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்துபோய் ஜெயக்கொடியின் முன் நின்றாள். உப்பு வாரும் பலகையை ஜெயக்கொடி கீழே போடவில்லை.

“கோவமா இருக்கியா?” என்று கேட்டாள் சண்முகவடிவு.

“கோவப்பட்டு என்ன ஆகப்போவுது யக்கா? நம்மூரு எல்லாம் பச்சையா இருக்குன்னு, இருந்த சுகாதார நிலையத்தையும் மூடிட்டாவ. டாக்டரையும் மாத்திட்டாவ. டவுண் ஆஸ்பத்திரி பன்னெண்டு கிலோமீட்டரு. அவளுக்குக் காலு வீங்கி, மூச்சு வாங்கி, சோறு எறங்கல. முத நாளு நாந்தான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். கதவுல கைய நீட்டுனா. ‘நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், வாழ்த்துகள்’னு சொல்லுது. கதவு தொறக்கல.”

“அங்க ஆள் யாரும் இல்லையா?”

“வாச்மேன் இருக்காரு. நல்ல மனுசன்தான். தண்ணி குடுத்தாரு. உள்ள விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மான்னுட்டாரு. ரெண்டாவது தடவ அவ புருசன் கூட்டிட்டுப் போனான். அதே வாழ்த்துகள்தான். மூணாவது தடவ அவளே பட்டைய அவுத்து வீட்டுல வச்சிட்டு வந்தா. பட்டை இல்லன்னா பாத்துத்தான ஆகணும்னு ஒரு நெனப்பு. அதுக்குக் கதவு என்ன சொல்லிச்சு தெரியுமா? இங்கன யாருமே இல்லன்னுட்டுது.”

ஜெயக்கொடி பலகையை ஒருமுறை இழுத்தாள். உப்பு சரசரத்து வரப்போரம் குவிந்தது.

“திரும்பி வந்து அவ கையில நாந்தான் பட்டையக் கட்டிவிட்டேன். மறுநாளு மறுபடியும் போவோம்னு பஸ்ஸுல ஏறுனோம். எந்தோள்ல சாஞ்சா. தூங்குதான்னு நெனச்சு நானும் அசையாம இருந்தேன். டவுண் ஸ்டாண்டு வந்து எறங்குட்டின்னு தட்டுறேன். எந்திரிக்கல.”

சண்முகவடிவு வரப்பில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “உன் காலக் காட்டு” என்றாள்.

“எனக்குக் காலுல ஒண்ணுமில்ல.”

“காட்டுடீங்கேன்.”

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். தோல் உடனே எழும்பியது. “உனக்கு ஒண்ணுமில்ல. அடுத்து யாரு?”

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய ரத்த அழுத்தக் கருவியை அவள் கொண்டுவந்திருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் நாற்பத்து மூன்று பேரைப் பார்த்தாள். பதினொரு பேருக்கு விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது; காலில் நீர் கோத்திருந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. நாற்பத்து மூன்று பேர் கையிலும் பச்சை எரிந்தது.

அந்தப் பதினொரு பேரையும் அன்று மாலையே, தன்னோடு படித்த தோழி நடத்தும் சிறிய தனியார் மருத்துவமனைக்கு வேனில் அனுப்பிவைத்தாள். இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அத்தனை பேருக்கும் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் வியர்த்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டது. முன்பே பார்த்திருந்தால் மாத்திரையில் நிறுத்தியிருக்கலாம் என்றாள் தோழி. இப்போதும் ஒன்பது பேருக்கு மாத்திரை போதும். இரண்டு பேருக்கு டயாலிசிஸ் வேண்டும்.

சண்முகவடிவு சென்னைக்குப் புறப்பட்டாள்.

நலப்பட்டை ஆணையத்தில் தஸ்னீம் என்ற பொறியாளர் இருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். நாடாளுமன்றத்தின் நலப்பட்டைக் குழுவுக்குச் சண்முகவடிவு தலைவராக இருந்ததால், தஸ்னீம் இரண்டு முறை அந்தக் குழுவின் முன் வந்து விளக்கம் கொடுத்திருக்கிறாள். கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்பவள் என்று சண்முகவடிவுக்கு அவள்மேல் மரியாதை உண்டு. ஆணையத்தின் கேன்டீனில், மதிய உணவுக் கூட்டம் கலைந்த பிறகு, இருவரும் உட்கார்ந்தார்கள்.

“உப்பளத்துல வேலை செய்றவங்க தோல்மேல எப்பவும் உப்பு படிஞ்சிருக்கும் மேடம்,” என்றாள் தஸ்னீம். “பட்டை வியர்வையில இருக்கிற உப்பைத்தான் அளக்குது. உடம்புலேர்ந்து வந்த உப்பு எது, பாத்தியிலேர்ந்து ஒட்டின உப்பு எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியல. அதனால முதல் மாசமே அங்க நானூறு பேர்ல முந்நூத்தி எண்பது பேருக்குச் சிவப்பு எரிஞ்சுது.”

“அதுக்கு என்ன பண்ணீங்க?”

“திருத்தம் போட்டோம்.”

“திருத்தம்னா?”

“அந்த ஊர் முகவரி உள்ளவங்களுக்கு மட்டும் வரம்பை உயர்த்தினோம். வியர்வைக்கு மட்டும் உயர்த்தினா மத்த அளவுகளோட மோதுது, கணினி குழம்புதுன்னு, எல்லா அளவுக்கும் சேர்த்தே உயர்த்திட்டோம்.”

“எவ்வளவு?”

தஸ்னீம் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “எல்லாரும் பச்சையாகிற வரைக்கும்.”

“அந்த முந்நூத்தி எண்பதுல நிஜமான சிவப்பு எத்தனைன்னு யாராவது போய்ப் பார்த்தாங்களா?”

“இல்ல மேடம். அவசரமா செய்யச் சொல்லி உத்தரவு. ஒரு வாரத்துல முடிச்சோம்.”

“யாரோட உத்தரவு? அந்த ஆளை நான் குழு முன்னாடி நிறுத்தறேன்.”

தஸ்னீம் மடிக்கணினியைத் திறந்து, ஒரு கடிதத்தை எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள். நாடாளுமன்ற உறுப்பினரின் முத்திரை. கீழே சண்முகவடிவின் கையெழுத்து.

அவளுக்கு நினைவு வந்தது. சிவப்பு எரியும் ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதையும் அவள்தான், தொழிலாளியின் நன்மைக்கென்று சேர்த்திருந்தாள். உப்பளம் முழுவதும் சிவப்பு எரிந்தபோது ஊரே அவள் வீட்டுக்கு வந்தது. ஒரு மாதமாக வேலை இல்லை, அடுப்பு எரியவில்லை, இந்தப் பொய் விளக்கை அணையுங்கள் என்று பெண்கள் அழுதார்கள். பேச்சித்தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாள். ‘உப்பளத் தொழிலாளர்களுக்கு வரும் தவறான எச்சரிக்கைகளை உடனடியாக நிறுத்த ஆவன செய்ய வேண்டும்’ என்று அன்றைக்கே எழுதினாள். ஒரு வாரத்தில் வேலை நடந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

“இதை யாரெல்லாம் பார்த்திருக்காங்க?”

“கோப்புல இருக்கு. இதுவரைக்கும் யாரும் தேடல.”

கேன்டீனில் ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கடந்துபோகும் வரை சண்முகவடிவு கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “தஸ்னீம், இந்த மாதிரித் திருத்தம் எங்க ஊருக்கு மட்டுமா?”

“முந்நூத்திப் பன்னிரண்டு இடம் மேடம். செங்கல் சூளை, கல்குவாரி, தோல் பதனிடற இடம், தேயிலைத் தோட்டம். எங்கெல்லாம் பட்டை குழம்பிச்சோ அங்கெல்லாம். பெரும்பாலும் உங்களை மாதிரி யாராவது கேட்டுக்கிட்டதுதான். நல்லதுக்குத்தான் கேட்டாங்க.”

“பட்டியல் வேணும்.”

“நான் கொடுத்தா என் வேலை போயிடும்.”

“நீங்க கொடுக்க வேண்டாம்மா. உங்க அமைச்சரையே கொடுக்க வைக்கிறேன்” என்று எழுந்தாள் சண்முகவடிவு.

அவையில் அமைச்சர் நேரில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியை நட்சத்திரக் கேள்வி என்பார்கள். கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே அவள் பெயரில் ஒரு நட்சத்திரக் கேள்வி பட்டியலில் ஏறியது. அதில் இரண்டே பகுதிகள்தான். வரம்பு திருத்தப்பட்ட இடங்கள் எவை? பச்சை நிறம் காரணமாக மருத்துவமனைக் கதவில் இதுவரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்?

சுகாதார அமைச்சர் தீபாங்கர் லஹிரி மெலிந்த, பொறுமையான மனிதர். மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். முதல் பகுதிக்கு, இடங்களின் பட்டியல் இணைப்பாக அவையில் வைக்கப்படுகிறது என்றார். இரண்டாம் பகுதிக்கு ஒரே வரியில் பதில் சொன்னார்.

“அத்தகைய பதிவு எதுவும் பராமரிக்கப்படவில்லை.”

சண்முகவடிவு துணைக் கேள்வி கேட்க எழுந்தாள். அவள் எப்போதும் தமிழில்தான் பேசுவாள். மற்றவர்கள் காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள்.

“உள்ளே போனவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறது. அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதும் இருக்கிறது. வாசலில் நின்று திரும்பியவர்களின் கணக்கு இல்லை. அப்படியானால், நம்முடைய கதவு ஒருமுறைகூடத் தவறு செய்யவில்லை என்று ஆறு ஆண்டுகளாக எதை வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? நானும்தான் சொன்னேன். அதனால்தான் கேட்கிறேன்.”

அமைச்சர் மாலையில் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“உங்கள் ஊரில் நடந்தது எனக்குத் தெரியும்,” என்றார். “வருத்தமாக இருக்கிறது. உப்பளத்துக்கென்று தனி உணரி செய்யச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சுகாதார நிலையத்தையும் திறந்துவிடலாம். இதற்குமேல் இதை வளர்க்க வேண்டாம். அந்தக் கடிதமும் கோப்பிலேயே இருக்கட்டும்.”

“ஆக, கடிதத்தைப் பார்த்துவிட்டீர்கள்.”

“இன்று காலையில்தான். நான் உங்களை மிரட்டவில்லை. நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியது. ஆனால் எதிர்க்கட்சியினர் அப்படிப் படிக்க மாட்டார்கள்.”

“உப்பளத்தைச் சரிசெய்துவிடுவீர்கள். செங்கல் சூளையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாராவது ஒருத்தி மேடையேறி மைக்கைப் பிடித்தால்தான் நமக்குத் தெரியவரும்.”

“வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கதவைத் திறந்து போடவா? ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் வந்து நின்றால், உண்மையிலேயே சாகக் கிடப்பவனை எந்த மருத்துவர் பார்ப்பார்? அந்த வரிசையை ஒழித்ததே நீங்கள்தானே?”

அது நியாயமான கேள்வி என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

“சிவப்புக்காரர் முதலில் போகட்டும். மஞ்சள் அடுத்து. அதை நான் மாற்றவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு நாற்காலி மட்டும் கேட்கிறேன். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், நிறம் எதுவானாலும், அன்றைக்கே ஒரு மருத்துவர் அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கூடுதல் மருத்துவர்கள் வேண்டும் என்றால் அதையும் கேட்கிறேன்.”

“பொய் சொல்லிக்கொண்டு வருவார்கள்.”

“வரட்டும். பதினான்கு வருடம் செவிலியராக இருந்தேன். வலி இல்லாமல் வலிக்கிறது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களை அதைவிடப் பல மடங்கு பார்த்திருக்கிறேன்.”

நலப்பட்டைச் சட்டத்தை இன்னும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் அரசு மசோதா அடுத்த வாரம் விவாதத்துக்கு வர இருந்தது. அதில் ஒரு திருத்தம் கொண்டுவர அவள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தாள். ஆளும் கூட்டணியில் ஏழே உறுப்பினர்கள் கொண்ட சிறிய கட்சி அவளுடையது. வாக்கெடுப்பு என்று வந்தால் தோற்பது நிச்சயம். எனவே வாக்கெடுப்பை நம்பி அவள் இறங்கவில்லை. அமைச்சர் அவையில் வைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களும் நூற்று நாற்பத்தேழு தொகுதிகளில் இருந்தன. பாதிக்கு மேல் ஆளுங்கட்சி உறுப்பினர்களின் தொகுதிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். உங்கள் தொகுதியில் இந்த ஊர்கள் நான்கைந்து ஆண்டுகளாக முழுப் பச்சையில் இருக்கின்றன. சனி ஞாயிறு ஊருக்குப் போகும்போது அங்கே போய், ‘எந்த ஆஸ்பத்திரிக் கதவு உங்களுக்குத் திறக்கவில்லை’ என்று மட்டும் கேளுங்கள். கடிதத்தில் வேறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நூற்று நாற்பத்தேழு கடிதங்களையும் அவளே நேரில் கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் அவள் முன்னாலேயே கசக்கிப் போட்டார்.

திங்கட்கிழமை காலை, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தாழ்வாரத்தில் அவளை வழிமறித்தார். அவளோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“என் தொகுதியில் ஒரு கல்குவாரி,” என்றார். “பதினாறு பேர் ரத்தம் ரத்தமாக இருமுகிறார்கள். பதினாறும் பச்சை. நான் போன தேர்தலில் அங்கேதான் கடைசிப் பிரசாரம் செய்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.”

“நீங்கள் கேட்டீர்களா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

விவாதத்தின்போது அவளுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதில் முதல் இரண்டு நிமிடத்தில் தன் கடிதத்தை முழுவதும் படித்தாள். தேதியைப் படித்தாள். கீழே இருந்த தன் பெயரையும் படித்தாள். அவையில் கூச்சல் கிளம்பியது. பதவி விலகு என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். சபாநாயகர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். கூச்சல் அடங்கும் வரை அவள் உட்காரவில்லை.

“குழுத் தலைவர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை இன்று காலையே சபாநாயகரிடம் கொடுத்துவிட்டேன்,” என்றாள். “இனி நான் சொல்லப்போவதை ஒரு செவிலியர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். என் ஊரில் பேச்சித்தாய் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தொரு வயது. நான்கு முறை மருத்துவமனைக்குக் கிளம்பினார். மூன்று முறை நாம் செய்த கதவு அவரைத் திருப்பி அனுப்பியது. நான்காவது முறை வழியிலேயே உயிர் போய்விட்டது. பட்டையை நான் குறை சொல்லவில்லை. அது இலட்சக்கணக்கான பேரைக் காப்பாற்றியிருக்கிறது, இனியும் காப்பாற்றும். அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்கிறவர் என்ன சொல்கிறார் என்று அதற்குக் கேட்காது. கேட்பதற்கு நாம் ஆள் வைக்கவில்லை. இந்தத் திருத்தம் ஒரே வரி. வலிக்கிறது என்று சொல்பவரை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை எதிர்ப்பவர்கள், தங்கள் தொகுதிக்குப் போய் வந்த பிறகும் ஏன் எதிர்க்கிறோம் என்று எழுந்து சொல்லட்டும்.”

முதலில் எழுந்தவர் ராணுவ அதிகாரி. கல்குவாரியைப் பற்றிப் பேசினார். அடுத்து எழுந்தவர், கடிதத்தைக் கசக்கிப் போட்ட ஆளுங்கட்சிக்காரர். தன் தொகுதியில் தோல் பதனிடும் தெரு ஒன்றின் பெயரைச் சொன்னார். அதோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் எந்தக் கட்சி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வரிசையாக ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டிருந்தன. சூளை, தோட்டம், குவாரி, சாயப்பட்டறை. மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பெயர்களை அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

லஹிரி இருபது நிமிடம் அவையை ஒத்திவைக்கக் கேட்டார். திரும்பி வந்து, கையில் தாள் எதுவும் இல்லாமல் எழுந்து நின்றார்.

“உறுப்பினரின் திருத்தத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது.”

வாக்குகளை எண்ண வேண்டியே வரவில்லை; குரல் வாக்கிலேயே திருத்தம் நிறைவேறியது. வெளியே வரும் வழியில் லஹிரி அவளுக்காகக் காத்து நின்றார். “மருத்துவர்களை எங்கிருந்து கொண்டுவரப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை” என்றார். “நானும் சேர்ந்து தேடுகிறேன்” என்றாள் அவள்.

நான்கு மாதம் கழித்து, தை மாதத்தில், தருவைப்பட்டினம் ஆரம்ப சுகாதார நிலையம் மீண்டும் திறந்தது. வரம்புத் திருத்தங்களை ஒவ்வோர் ஊராக நீக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த ஊருக்கான புதிய உணரி வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். சிகிச்சைக்குப் போன பதினொரு பெண்களில் எட்டுப் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

புதிய மருத்துவர் எபநேசருக்கு முப்பது வயது இருக்கும். மேசை, ஸ்டூல், ஒரு பதிவேடு. வெளியே எண்பது பேர் நின்றார்கள். ரிப்பன் வெட்டியாகிவிட்டது. ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. நீ போ, நீ போ என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஆறு ஆண்டுகளாக வாழ்த்துகள் வாங்கித் திரும்பியவர்களுக்கு, மருத்துவரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதே மறந்துபோயிருந்தது.

“சரி, நானே ஆரம்பிச்சு வைக்கேன்” என்று சண்முகவடிவு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எபநேசர் பேனாவை எடுத்தார். “சொல்லுங்க மேடம். என்ன செய்யுது?”

“மூட்டு வலின்னு எழுதிக்கோங்க டாக்டர்.”

கூட்டம் சிரித்தது. எபநேசரும் சிரித்தார். ஆனாலும் சட்டப்படி தொட்டுப் பார்க்க வேண்டுமே. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். மூட்டு நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் கையை எடுத்து, பட்டையை மேலே தள்ளிவிட்டு, மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

“மேடம், படி ஏறினா உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?”

ஒன்றுமில்லை என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது. இந்தக் கேள்வியை அவள் ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. மேடையில் மணிக்கணக்கில் பேசக்கூடியவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. எபநேசர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

“வலின்னு சொல்ல முடியாது டாக்டர்,” என்றாள் கடைசியில். “நெஞ்சுல யாரோ உள்ளங்கைய வச்சு அமுக்குற மாதிரி. கொஞ்ச நேரம் நின்னா போயிரும்.”

“எத்தனை நாளா?”

“போன வருசம் ஐப்பசியிலேர்ந்து. ஒரு வருசம் தாண்டிருச்சு.”

வாசலில் நின்ற ஜெயக்கொடி உள்ளே வந்துவிட்டாள். “யக்கா! எங்க காலையெல்லாம் அமுக்கி அமுக்கிப் பாத்தியளே. இத ஏன் ஒருத்தருட்டயும் சொல்லல?”

“கையப் பாப்பேன். பச்சையா இருக்கும். சரி, ஒண்ணுமில்லன்னு விட்டுருவேன்.” வரம்பு உயர்த்தப்பட்ட இதே ஊர்தான் அவள் முகவரியும் என்பது சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

எபநேசர் ஆம்புலன்ஸை அழைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். புதிய சட்டத்தில் சிவப்பு தேவையில்லை, மருத்துவரின் கையெழுத்தே போதும். “டவுணுக்குப் போய் இன்னைக்கே பார்த்துடணும் மேடம்.”

“நாளன்னைக்கு டெல்லியில கூட்டம் இருக்கு.”

“அது இந்த மாசம் இல்ல.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும், எவ்வளவு மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவர் எதையும் மறைக்கவில்லை என்று பட்டது. “சரி” என்று எழுந்து, வெளியே நிழலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வரும் என்று சுவரிலிருந்த திரை காட்டியது.

“அடுத்து யாரு?” என்று எபநேசர் குரல் கொடுத்தார்.

ஜெயக்கொடி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இடுப்பு, டாக்டர்.”

“எப்பத்திலேர்ந்து வலிக்குது?”

“மூத்தவ பெறந்ததுலேர்ந்து.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“வர்ற பங்குனிக்கு இருவது முடியுது.”